எடை குறைந்த பிறகு மார்பக லிஃப்ட்: இம்ப்ளான்டும் சேர்த்துச் செய்யலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 38. இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டு ஐம்பது கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். எடை இறங்கியதில் மார்பகம் காலியாகி, தொய்ந்து போய்விட்டது. ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தொய்ந்த மார்பகத்தைத் தூக்கித் தைக்கும் லிஃப்டையும், உள்ளே சிலிக்கான் பை வைக்கும் இம்ப்ளான்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், 400 சி.சி. (மில்லிலிட்டர்) அளவில் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் இப்போது லிஃப்ட் மட்டும் செய்வோம், இம்ப்ளான்ட் தேவையா என்று பிறகு பார்ப்போம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் இரண்டாமவர் பக்கம். 400 சி.சி. என்று படித்ததும் இன்னும் உறுதியாக அவர் பக்கம் போய்விட்டேன். இம்ப்ளான்ட் கெட்டது என்பதற்காக அல்ல. பெரிய அளவில் எடை குறைத்த உடம்பில் பிரச்சினை தோலில் இருக்கிறது. அளவு குறைந்தது அதற்கு அடுத்ததுதான். ஏற்கெனவே பாரம் தாங்காமல் விட்டுக்கொடுத்த தோலில் புதிதாக ஒரு பாரத்தைத் தொங்கவிடலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. 400 சி.சி. சிலிக்கான் ஜெல் இம்ப்ளான்ட் ஒன்று ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் முக்கால் கிலோவுக்கு மேல், இரவும் பகலும்.

தாய்ப்பால் கொடுத்து முடித்தபின் கொஞ்சம் தளர்கிற மார்பகமும் நீங்கள் சொல்கிற மார்பகமும் ஒன்றல்ல. பல வருடம் இழுபட்டே இருந்த தோலில், அதற்கு உறுதியும் மீள்தன்மையும் தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்தும் மெலிந்தும் போயிருக்கும். உள்ளே இருந்த கொழுப்பு போனாலும் தோல் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. நைந்துபோன எலாஸ்டிக்கை மடித்துத் தைத்தால் கொஞ்ச நாள் பிடிக்கும், ஆனால் அது புது எலாஸ்டிக் ஆகிவிடாது. இதோடு வேறு சில மாற்றங்களும் சேர்ந்து வரும். மார்பகத்தின் மேல்பாதி தட்டையாகிவிடும். காம்பு கீழே பார்ப்பதோடு நடுப்பக்கமாகவும் திரும்பியிருக்கும். அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு சதைமடிப்பு உருவாகி முதுகுவரை ஓடும், மார்பகம் எங்கே முடிகிறது, அந்த மடிப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மார்பகத்துக்கு அடியில் இருக்கும் மடிப்புக்கோடே சிலருக்குக் கீழே சரிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குவதும் அபூர்வம்.

தொய்வை அளக்க 1976இல் ரெக்னோ என்ற அறுவை மருத்துவர் வகுத்த முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காம்பு அடிமடிப்பின் மட்டத்துக்கு வந்திருந்தால் முதல் நிலை. மடிப்புக்குக் கீழே இறங்கியும், மார்பகத்தின் மிகக் கீழான பகுதிக்கு மேலே இருந்தால் இரண்டாம் நிலை. மார்பகத்தின் அடிப்பகுதிக்கே வந்து தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. காம்பு சரியான உயரத்திலேயே இருந்து சதை மட்டும் கீழே இறங்கியிருப்பதைப் போலித் தொய்வு என்பார்கள். ஐம்பது கிலோ குறைத்தவர்களில் பெரும்பாலானவர்களை இரண்டாம் மூன்றாம் நிலைகளில்தான் பார்க்கலாம்.

லிஃப்ட் எதைச் செய்யும், இம்ப்ளான்ட் எதைச் செய்யும் என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் காம்பை மேலே கொண்டுவரும், மிஞ்சிய தோலை எடுக்கும், இருக்கிற சதையைத் திரட்டிக் கூம்பாக்கும். அளவைக் கூட்டாது. மேல்பாதியை நிரந்தரமாக நிரப்பித் தராது. இம்ப்ளான்ட் அளவைக் கூட்டும், மேல்பாதியை நிரப்பும். ஆனால் இறங்கிய காம்பைத் தூக்காது. பெரிய சைஸாக வைத்தால் தோல் நிறைந்து தானாகவே தூக்கிக்கொள்ளும் என்று சிலர் நம்புகிறார்கள். மிக லேசான தொய்வுக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தும். மூன்றாம் நிலையில் அப்படிச் செய்தால் மேலே ஒரு உருண்டை, அதன் முன்னால் வழிந்து தொங்கும் தோல் என்றுதான் முடியும். அதைத் திருத்தும் அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது.

இம்ப்ளான்ட் தேவையா என்று தெரிந்துகொள்ள, சர்ஜன்கள் பலரும் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு. பஞ்சு வைக்காத, அளவு சரியான ஒரு பிராவைப் போட்டு, சதை முழுவதையும் அதற்குள் எடுத்துவிட்டுக் கொண்டு கண்ணாடியில் பாருங்கள். அந்த அளவு போதும், இடம்தான் தவறு என்று தோன்றினால் உங்களுக்கு வேண்டியது லிஃப்ட் மட்டும். பிராவுக்குள்ளும் காலியாகத்தான் இருக்கிறது என்றால் அளவைக் கூட்டுவது பற்றிப் பேசலாம். இதைச் செய்துபார்க்காமலேயே இம்ப்ளான்ட் சைஸ் பேசத் தொடங்குவது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

அளவு கூட்டுவது என்றாலே சிலிக்கான் என்றும் இல்லை. எடை குறைத்தவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு பொருள் மிச்சமிருக்கிறது. மேலே சொன்னேனே, அக்குளுக்குக் கீழே ஓடும் அந்தச் சதைமடிப்பு. அதை வெட்டி எறியாமல், விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து வரும் ரத்தக்குழாய்களோடு சேர்த்துத் திருப்பி, மார்பகத்துக்குள்ளேயே செருகி நிரப்பலாம். அப்புறம் மேல்தோல் நீக்கிய அடித்தோலைப் பட்டைகளாக விலா எலும்பின் உறையில் தைத்து முழு மார்பகத்தையும் தொங்கவிடும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் டாக்டர் ரூபின் எடை குறைத்தவர்களுக்காகவே உருவாக்கிப் பரப்பிய முறை அது. பக்கவாட்டு மடிப்பும் போகும், மார்பகமும் நிரம்பும், வெளிப்பொருள் எதுவும் உள்ளே இருக்காது. தழும்பு பக்கவாட்டில் முதுகை நோக்கி நீளும் என்பது இதன் விலை. கிடைக்கிற சதையின் அளவுக்கு மேல் பெரிதாக்கவும் முடியாது. உங்கள் இரண்டு மருத்துவர்களில் யாருமே இதைப் பற்றிப் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. நேரடியாகக் கேளுங்கள்: “என் பக்கவாட்டுச் சதையை வைத்தே நிரப்ப முடியுமா?” முடியாது என்றால் ஏன் என்று விளக்கம் வர வேண்டும்.

கொழுப்பை உறிஞ்சி எடுத்து ஊசியால் நிரப்புவது மூன்றாவது வழி. தொய்வைச் சரிசெய்த பிறகு மேல்பாதியில் கொஞ்சம் மெருகேற்ற நன்றாக உதவும். வைத்ததில் ஒரு பங்கு கரைந்துபோகும், எடை மாறினால் அதுவும் மாறும். முக்கிய வேலையை அதன் தலையில் கட்ட முடியாது.

இனி ஒரே அறுவையா, இரண்டா என்பதற்கு வருகிறேன். லிஃப்டும் இம்ப்ளான்டும் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்பவை. லிஃப்ட் தோலைக் குறைத்து வெளியிலிருந்து இறுக்குகிறது. இம்ப்ளான்ட் உள்ளிருந்து அதே தோலைத் தள்ளுகிறது. எவ்வளவு தோலை வெட்டலாம் என்று கணக்குப் போட்டுக் கோடு வரைந்தபின் உள்ளே 400 சி.சி. போனால் அந்தக் கணக்கு மாறிவிடும். காம்புக்குப் போகும் ரத்தஓட்டம்தான் இதைவிடப் பெரிய கவலை. லிஃப்டில் காம்பை ஒரு சதைப்பாலத்தோடு மேலே நகர்த்துகிறார்கள், அதற்கு ரத்தம் அந்தப் பாலம் வழியாக மட்டுமே வரும். இம்ப்ளான்டுக்கு இடம் ஒதுக்க உள்ளே பிரித்தால் பாலம் மெலியும், இம்ப்ளான்ட் அழுத்தினால் இன்னும் நெருக்கடி. அரிதாகத்தான் நடக்கும் என்றாலும் காம்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ கருகிப்போகும் ஆபத்து உண்மையானது. புகைப்பவர்களுக்கு இது பல மடங்கு கூடும்.

அப்புறம், லிஃப்டின் தையல்கள் கீழே சந்திக்கும் முக்கில் காயம் சற்றுத் திறந்துகொள்வது சர்வசாதாரணம். லிஃப்ட் மட்டும் செய்திருந்தால் இரண்டு மூன்று வாரம் கட்டுப்போட்டால் ஆறிவிடும். அடியில் இம்ப்ளான்ட் இருந்தால் கதை வேறு. கிருமி அதை எட்டிவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிட்டு, சில மாதம் காத்திருந்து, மறுபடி தொடங்க வேண்டும்.

இரண்டு கட்டமாகச் செய்தால் முதலில் லிஃப்ட், குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் இடைவெளி, வீக்கம் வடிந்து வடிவம் நிலைத்தபின் இம்ப்ளான்ட். அப்போது சிறிய அளவே போதுமானதாக இருக்கும். இம்ப்ளான்டே வேண்டாம், இதுவே திருப்தி என்று முதல் கட்டத்தோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. ஒரே அறுவையில் இம்ப்ளான்டையும் வைத்துவிட்டால் அப்படி நிதானமாக யோசிக்க இடமே இருக்காது.

ஒரே கட்டத்தில் செய்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். இது 1960களிலிருந்தே நடந்துவரும் அறுவைதான். தொய்வு குறைவாகவும் தோல் ஓரளவு தடிமனாகவும் இருந்து, சிறிய இம்ப்ளான்ட் போதும் என்றால், அனுபவமுள்ள கையில் நன்றாகவே வரும். இரண்டு முறை மயக்க மருந்து, இரண்டு முறை செலவு, இரண்டு முறை விடுப்பு என்பதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஐம்பது கிலோ குறைத்த தோல், மூன்றாம் நிலைத் தொய்வு, 400 சி.சி. இந்த மூன்றும் ஒன்றாக வரும்போது ஒரே அறுவை என்பது பல நேரம் காகிதத்தில் மட்டும்தான் ஒன்று. திருத்த அறுவையையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சரி, கடைசியில் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்வதாகவே முடிவெடுத்தால் சில விஷயங்கள். சைஸை ஆசையை வைத்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது, மார்பகத்தின் அகலத்தை அளந்து அதற்குள் அடங்கும் அளவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்பாதித் தோலையும் சதையையும் விரலால் கிள்ளிப் பார்த்து 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் மார்புத்தசைக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். இல்லாவிட்டால் இம்ப்ளான்டின் விளிம்பும் சுருக்கமும் வெளியே தெரியும். எடை குறைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கிள்ள அவ்வளவு சதை இருக்காது. தசைக்கு அடியில் வைத்தால் கையை அழுத்தி ஊன்றும்போது மார்பகம் அசைவது தெரியலாம். மேலே உள்ள தளர்ந்த சதை இம்ப்ளான்டின் மேலிருந்து வழுக்கி இறங்குவதும் நடக்கலாம். எங்கே வைத்தாலும் காலப்போக்கில் கனமான இம்ப்ளான்ட் அடிப்பகுதித் தோலை இழுத்து இறக்கும், காம்பு மேலே பார்க்கத் தொடங்கும். சிறிய இம்ப்ளான்டில் இது குறைவு. உள்ளே வலை வைத்துத் தாங்கலாம் என்று இன்டர்னல் பிரா என்ற பெயரில் விளம்பரங்கள் வருகின்றன. உதவக்கூடும், ஆனால் 400 சி.சி.யை நியாயப்படுத்த அதைக் காரணமாகச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொரசொரப்பான இம்ப்ளான்டுகளைச் சுற்றி உருவாகும் உறையில் லிம்ஃபோமா என்ற புற்றுநோயில் ஒருவகை வருவது கண்டுபிடிக்கப்பட்டு, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்ப்ளான்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அரிதான நோய்தான், சீக்கிரம் கண்டுபிடித்து உறையோடு எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். வைத்துப் பல வருடம் கழித்துத் திடீரென ஒரு பக்கம் வீங்கினால் அலட்சியம் செய்யக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுக்க வருவதும் அல்ல. அளவைக் கூட்ட இம்ப்ளான்ட் வைத்தவர்களில் 20 சதவீதம் வரை 8 முதல் 10 வருடத்துக்குள் அதை எடுக்க வேண்டிவரும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்கிறது. சிலிக்கான் ஜெல் இம்ப்ளான்ட் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம் என்பதால், 5-6 வருடத்தில் முதல் முறையும், பிறகு 2-3 வருடத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வதும் அவர்களே. 38 வயதில் வைத்தால் வாழ்நாளில் இன்னும் ஒரு அறுவையாவது வரும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குவதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தில்தான் இந்த அறுவையின் பாதி வெற்றி இருக்கிறது: எப்போது செய்வது? இரைப்பை அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கழிந்திருக்க வேண்டும். உங்கள் எடை குறைந்தபட்சம் மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இன்னும் பத்துக் கிலோ இறங்கப் போகிறதென்றால் இன்று இறுக்கியது நாளை தளரும். செமாக்ளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகளைப் போட்டுக்கொண்டு எடையைக் குறைப்பவர்களுக்கும் இதே விதிதான். நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பு இருப்பதால், அறுவைக்குப் பிறகு ஊசி தொடருமா நிற்குமா என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துபவை, மயக்கத்தில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ஆகவே மயக்க மருந்து நிபுணரிடம் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் அவர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சத்து. எடை குறைந்து ஒல்லியாகத் தெரிவதும் உடம்பில் சத்து இருப்பதும் ஒன்றல்ல. ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம் எல்லாம் குறைந்திருப்பது வழக்கம். புரதம் குறைந்தால் காயம் ஆறாது, நீளமான தையல்கள் பிரியும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்பின் இருப்பு), அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), பி12, வைட்டமின் டி இவற்றை அறுவைக்கு இரண்டு மாதம் முன்பாவது பார்த்துவிட்டால் குறையை நிரப்ப நேரம் இருக்கும். முதல் நாள் பார்த்துப் பயனில்லை. இரைப்பை அறுவை செய்தவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் புண் உண்டாக்கும், குறிப்பாக ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் வகைகள். அந்த அறுவையைச் செய்த மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு, என்ன மாத்திரை சாப்பிடலாம் என்று பிளாஸ்டிக் சர்ஜனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

புகை இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்னும் நான்கு வாரம் பின்னும் நிறுத்த வேண்டும், நிகோட்டின் இருக்கும் வேப் எனும் மின்சிகரெட்டும் அதே கணக்குதான். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. கர்ப்பமும் பாலூட்டலும் வடிவத்தைக் கலைத்துவிடும், லிஃப்டுக்குப் பிறகு பால் சுரப்பும் காம்பின் உணர்ச்சியும் குறையலாம். 40ஐ நெருங்குகிறீர்கள், அறுவைக்கு முன் மார்பகத்தை ஒருமுறை ஸ்கேனோ மேமோகிராமோ எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் தழும்பால் ஏற்படும் நிழல்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வயிற்றுத் தோலையும் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடிப்பதே நல்லது என்பது என் கருத்து. வயிற்றுத் தோலைக் கீழே இழுத்துத் தைக்கும்போது மார்பகத்தின் அடிமடிப்பும் கொஞ்சம் சேர்ந்து இறங்கும். அது நிலைத்த பிறகு மார்பகத்துக்குக் கோடு வரைவது சுலபம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். மேசையில் கிடக்கும் நேரம் நீள நீளக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும்.

தழும்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் நிலைக்குக் காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றி, அங்கிருந்து நேராகக் கீழே, பிறகு அடிமடிப்பு நெடுக என்று நங்கூரம் போன்ற தழும்புதான் வரும். கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டிச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அவ்வளவு தோலை அந்தச் சின்ன வட்டத்துக்குள் சுருக்கினால் மார்பகம் தட்டையாகும், கருவட்டம் விரியும். முதல் ஆறு மாதம் தழும்பு சிவந்தும் தடித்தும் இருக்கும், மங்க ஒன்றரை வருடம்வரை ஆகலாம். கெலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டிப் புடைத்து வளரும் தழும்பு, வரும் உடம்பா என்று பழைய காயங்களைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம் வலி, அதிலும் தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைத்தால் கூடுதலாக இருக்கும். ஆறு வாரம் கம்பி இல்லாத தாங்கு பிரா, மல்லாந்து தூக்கம், கனமான எதையும் தூக்காமல் இருப்பது. முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கிக் கடுத்தால் ரத்தக்கட்டாக இருக்கும், காலை வரை காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரு வருடத்தில் கொஞ்சம் இறங்கும். இந்தத் தோலில் அது நடக்கும் என்று முன்பே சொல்லும் மருத்துவரையே நான் அதிகம் நம்புவேன்.

முதல் மருத்துவரை விட்டுவிடச் சொல்லவில்லை, மறுபடி போய்க் கேளுங்கள். 400 என்ற எண் எந்த அளவிலிருந்து வந்தது? எடை குறைத்தவர்களுக்கு மட்டும் செய்த அறுவைகளின் படங்களை, ஒரு வருடம் கழித்து எடுத்தவையாகக் காட்ட முடியுமா? ஆறு வாரத்துப் படங்களை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது. திருத்த அறுவை தேவைப்பட்டால் அதன் செலவு யாருடையது? அகலத்தையும் தோலையும் அளந்து பதில் சொன்னால் தொடர்ந்து பேசலாம். “உங்கள் உயரத்துக்கு இந்த சைஸ்தான் பொருந்தும்” என்ற மட்டில் பதில் வந்தால் இரண்டாமவரிடம் தேதி வாங்குங்கள்.